ஓர் இளவரசியின் தலைப்பிள்ளைப் பேறு

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். எத்தனை பிள்ளைகளைப் பெற்றவளுக்கும் இது பொருந்துமாயினும், தலைப்பிள்ளையைப் பெறுபவளுக்கு இவ்வாக்கு இரட்டிப்பான உண்மையாகும். அவள் செல்லும் வழி அவள் முன்னர்ச் சென்றறியாத வழி. நோவு எப்பொழுது தொடங்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும், எங்கே சென்று முடியும் என்பவற்றைப் பிறர் சொல்லக் கேட்டிருப்பாளேயன்றித் தன் உடம்பால் அறிந்திலள். இதனாலேயே தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் வழக்கம் தமிழரிடையே நிலைபெற்றது. அந்த வேளையில் அவளுக்கு வேண்டியவை இரண்டு. அவ்வழியை முன்னரே கடந்த ஒருத்தியின் அருகிருப்பு ஒன்று. இடர் நேருமிடத்து அதனைக் காலத்தில் அறிந்து கைகொடுக்கும் அறிவு மற்றொன்று.

இவ்விரண்டும் வாய்க்காதவிடத்து, உலகத்துச் செல்வமெல்லாம் வாயிலில் வந்து நின்றாலும் பயனில்லை. இதற்கு இங்கிலாந்தின் வரலாற்றில் மறக்கவொண்ணாத சான்று ஒன்றுண்டு. 1817 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பேரரசு ஒன்றின் முடிக்கு உரியவளாயிருந்த இருபத்தொரு வயது இளம்பெண் தன் தலைப்பிள்ளையைப் பெற ஐம்பது மணித்தியாலம் போராடினாள். அந்தப் போராட்டத்தின் முடிவு ஓர் அரச குடும்பத்தின் கொடிவழியையே மாற்றியது. பிரசவ வைத்தியத்தின் போக்கிலும் நீங்காத ஒரு கேள்வியை அது எழுப்பிவிட்டது.

அக்காலத்தில் பிரித்தானிய அரியணைக்கு உரியவராயிருந்தவர் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர். 1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆந் திகதி கைச்சாத்தான கண்டி உடன்படிக்கையினால் இலங்கைத் தீவு முழுவதும் இம்மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆனால் மன்னரோ கண்ணொளியும் மனத்தெளிவும் இழந்து விண்ட்சர் மாளிகையில் நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தார். 1811 ஆம் ஆண்டு முதல் அவருடைய மூத்த மைந்தரே அரசப் பிரதிநிதியாயிருந்து ஆட்சி நடத்தினார்.

மன்னருக்குப் பிறந்த பிள்ளைகள் பதினைவர். அவருள் எழுவர் ஆண்களும் ஐவர் பெண்களுமாகப் பன்னிருவர் 1817 இல் உயிருடன் இருந்தனர். எனினும், இத்தனை பெரிய குடும்பத்தில் முறையான திருமணத்தின் வழிப் பிறந்து உயிருடன் இருந்த பேரப்பிள்ளை ஒருத்தியே. அவள்தான் அரசப் பிரதிநிதியின் ஏக புத்திரியாகிய சார்லொட் இளவரசி. தாத்தாவுக்குப் பின் தந்தையும், தந்தைக்குப் பின் அவளும் முடிசூட வேண்டும் என்பது சட்டம். அவளுக்குப் பின் அடுத்த தலைமுறையில் எவரும் இல்லை.

சார்லொட் 1796 ஆம் ஆண்டு சனவரி 7 ஆந் திகதி பிறந்தாள். அவள் பிறந்து சில காலத்துள் தந்தையும் தாயும் பிரிந்துவிட்டனர். தாயாகிய கரோலின் இளவரசியை மகள் காண்பதற்கும் தந்தை பல கட்டுப்பாடுகள் விதித்தார். ஆசிரியைகளும் பணிப்பெண்களும் சூழ வளர்ந்த அப்பெண்ணுக்குத் தாய்மடி என்பது அரிதாகவே கிடைத்தது. 1814 இல் கரோலின் இங்கிலாந்தை விட்டு ஐரோப்பாக் கண்டத்துக்குச் சென்றார். அதன்பின் தாயும் மகளும் சந்திக்கவேயில்லை.

ஒல்லாந்து நாட்டு இளவரசரை மணக்குமாறு தந்தை வற்புறுத்தியபோது சார்லொட் துணிவுடன் மறுத்தாள். பின்னர்த் தான் விரும்பிய சாக்ஸ்-கோபேர்க் இளவரசர் லியோபோல்டை 1816 ஆம் ஆண்டு மே 2 ஆந் திகதி மணந்தாள். ஊதாரித்தனத்தால் மக்களின் வெறுப்பைச் சம்பாதித்திருந்த தந்தைக்கு நேர்மாறாக, மகளை நாடு முழுவதும் நேசித்தது. லண்டனுக்குத் தென்மேற்கே, சரே மாவட்டத்திலுள்ள கிளேர்மொன்ற் மாளிகையில் இளந்தம்பதிகள் அமைதியாக இல்லறம் நடத்தினர். 1817 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், அவள் கருவுற்றிருக்கும் செய்தி வெளியானபோது இங்கிலாந்து மகிழ்ச்சியில் ஆழ்ந்தது. அதற்கு முன் கரு தரியாது போன துயரத்தை அறிந்திருந்த அரண்மனையினர் இம்முறை மிகுந்த கவனம் எடுத்தனர்.

அக்கவனம் எத்தகையது என்பதை விளங்கிக்கொள்வதற்கு அக்காலப் பிரசவ வைத்தியத்தின் நிலையைச் சிறிது நோக்கவேண்டும். ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் பிள்ளைப்பேறு மருத்துவிச்சிகளின் கையில் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில், பிரான்சிலிருந்து இங்கிலாந்தில் வந்து குடியேறிய சேம்பர்லென் என்னும் வைத்தியக் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக ஓர் இரகசியத்தைக் காத்துவந்தனர். வழியில் தடைப்பட்டு நிற்கும் பிள்ளையின் தலையை இருபுறமும் பற்றி வெளியே எடுக்கும் இடுக்கி போன்ற கருவியே அது. நம் நாட்டில் ஆயுதம் போட்டுப் பிள்ளை எடுத்தல் என்று சொல்லப்படுவது இக்கருவியின் வேலையே. எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கக்கூடிய இந்தக் கருவியை அக்குடும்பத்தினர் பொருளீட்டும் நோக்குடன் நூறாண்டுக்கு மேலாக மறைத்தே வைத்திருந்தனர். 1813 ஆம் ஆண்டு எசெக்ஸ் மாவட்டத்திலுள்ள அவர்களது பழைய வீடொன்றில், நிலப்பலகைகளின் கீழே ஒளிக்கப்பட்டிருந்த பெட்டியொன்றில் அவர்களுடைய கருவிகள் கண்டெடுக்கப்பட்டன.

பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்விரகசியம் வெளியாயிற்று. வில்லியம் ஸ்மெலி போன்ற ஆசிரியர்கள் கருவியின் அமைப்பைத் திருத்தி, அதனைப் பயன்படுத்தும் முறையையும் மாணவர்க்குக் கற்பித்தனர். ஆனால் நல்ல கருவி பொறுமையற்றவர் கையில் சிக்கினால் தீங்காகும் அன்றோ? தேவையில்லாத இடத்திலும் அதனைப் பிரயோகித்துத் தாயையும் சேயையும் சிதைத்த வைத்தியர் பலர் தோன்றினர். இதனைக் கண்டு வெறுத்த பெரியோர் மறுபுறம் சாய்ந்தனர். இயற்கை தன் வேலையைத் தானே செய்யும், வைத்தியன் காத்திருக்கக் கற்கவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அவர்களுள் தலைசிறந்தவர் தோமஸ் டென்மன். பிள்ளையின் தலை வாயிலளவும் இறங்கி ஆறு மணித்தியாலம் அசையாது நின்றாலன்றி ஆயுதத்தைத் தொடலாகாது என்று அவர் விதித்தார்.

டென்மன் 1815 இல் இறந்தார். ஆயினும் அவர் வாக்கு வேதவாக்காக நிலைத்தது. இளவரசியின் பிரசவத்துக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்ட சேர் ரிச்சர்ட் குரொப்ட் அந்த டென்மனுடைய மருமகன். அரண்மனை வைத்தியராகிய மத்தியூ பெயிலியும் டென்மனுடைய மற்றொரு மகளை மணந்தவரே. மூன்றாமவர் ஜோன் சிம்ஸ். பிரசவ வைத்தியத்தில் அனுபவமுள்ள இவர் தாவரவியலிலும் புகழ்பெற்றவர். ஆகவே அங்கு கூடிய வைத்தியருள் முதன்மையானோர் ஒரே பள்ளியின் சிந்தனையில் ஊறியவர்கள்.

கருவுற்ற காலத்தில் இளவரசிக்கு விதிக்கப்பட்ட பத்தியம் இன்று நோக்குவோர்க்கு வியப்பளிக்கும். உடல் பருத்துவிடாதிருக்க உணவு குறைக்கப்பட்டது. பேதி மருந்து கொடுக்கப்பட்டது. இடையிடையே குருதியும் வடிக்கப்பட்டது. பெருகிய குருதியே நோய்க்கு மூலம் என்னும் அக்கால நம்பிக்கையின் விளைவு இது. வரப்போகும் பெரும் உழைப்புக்கு உடம்பில் வலிமையைச் சேர்த்துவைக்க வேண்டிய காலத்தில் அவ்வலிமை வடிக்கப்பட்டது. லியோபோல்டின் சொந்த வைத்தியராக ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஸ்டொக்மர் இம்முறையை ஏற்கவில்லை. ஆனால் அந்நியனாகிய தான் தலையிட்டு, தீங்கு நேர்ந்தால் பழி முழுவதும் தன்மேல் விழும் என்று கருதி அவர் ஒதுங்கியே இருந்தார். அறிந்தவர் ஒருவர் அருகிருந்தும் சொல்லமுடியாத நிலை அது.

ஒக்டோபர் பிற்பகுதியில் எதிர்பார்க்கப்பட்ட பேறு தள்ளிப்போயிற்று. நவம்பர் 3 ஆந் திகதி திங்கட்கிழமை மாலை ஏழு மணியளவில் பனிக்குடம் உடைந்தது, நோவும் தொடங்கியது. அரச குடும்பத்துப் பிறப்புக்குச் சாட்சியாக அமைச்சர்கள் சமுகமளிக்கவேண்டும் என்பது அந்நாட்டு வழக்கு. தூதுவர் விரைந்தனர். கன்டர்பரிப் பேராயர் வந்தார். சான்சலராகிய எல்டன் பிரபுவும் உள்நாட்டு மந்திரி சிட்மத் பிரபுவும் வந்தனர். குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான பாதஸ்ட் பிரபுவும் வந்தார். இலங்கைத் தேசாதிபதி பிரவுன்றிக் இந்தப் பாதஸ்ட் பிரபுவுக்கே தம் அறிக்கைகளை அனுப்பிவந்தார். ஊவாவில் கிளர்ச்சி மூண்டுவிட்ட மாதங்கள் அவை. கடல்கடந்த நாடுகளின் விதியைத் தீர்மானிக்கும் அப்பெருமக்கள் அடுத்த அறையில் அமர்ந்து, ஒரு குழந்தையின் அழுகுரலுக்காகக் காத்திருந்தனர்.

ஆனால் வந்திருக்க வேண்டிய ஒருத்தி வரவில்லை. தாயாகிய கரோலின் அப்போது இத்தாலியில் இருந்தார். பாட்டியாகிய அரசி பாத் நகரில் மருந்து நீராடிக்கொண்டிருந்தார். தந்தை சபோக் மாவட்டத்தில் நண்பர்களுடன் வேட்டையாடச் சென்றிருந்தார். தாய்வீடு என்று சொல்ல அப்பெண்ணுக்கு ஓர் இடம் இருக்கவில்லை. கணவராகிய லியோபோல்ட் மட்டும், அக்காலத்து ஆடவர் வழக்கத்துக்கு மாறாக, இரவு பகலாக அவள் கட்டிலருகே இருந்து கையைப் பற்றிக்கொண்டிருந்தார். தான் கத்தவோ கதறவோ போவதில்லை என்று சார்லொட் தாதியிடம் கூறினாளாம். அரசியாகப் போகிறவள் என்ற எண்ணம் நோவிலும் அவளை விடவில்லை போலும்.

திங்கள் இரவு கழிந்தது. செவ்வாய்ப் பகலும் கழிந்தது. நோவு வந்துவந்து போயிற்றேயன்றி வலுக்கவில்லை. தலைப்பிள்ளைப் பேறு நீண்டு செல்வது இயல்பே. கருப்பையின் வாய் முற்றாகத் திறப்பதற்கே இருபத்தாறு மணித்தியாலம் சென்றது. செவ்வாய் இரவு ஒன்பது மணியளவில் அது நிறைவேறியது. இனிப் பிள்ளை வெளியே வரவேண்டியதுதான் மிச்சம். தலைப்பிள்ளையாயினும் இக்கட்டத்தில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குமேல் தாமதமானால் இன்றைய வைத்தியர் விழிப்படைவர், காரணம் தேடுவர், கைகொடுப்பர். சார்லொட்டுக்கோ இக்கட்டம் இருபத்துநான்கு மணித்தியாலம் நீடித்தது.

புதன்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு ஜோன் சிம்ஸ் வந்துசேர்ந்தார். இளவரசி கலவரமடையக்கூடும் என்று அஞ்சி அவரை அடுத்த அறையிலேயே இருத்தினர். நோவின் நேரம் முழுவதும் அவர் நோயாளியை நேரிற் பார்க்காமலே ஆலோசனை கூறினார். ஆயுதம் ஆயத்தமாகவே இருந்தது. ஆனால் நோவு சிறிது சிறிதாயினும் பயன் தருகின்றது, பிள்ளையின் தலை மெல்லவேனும் இறங்குகின்றது, ஆதலால் இயற்கைக்கு இடம் கொடுக்கவேண்டும் என்பது வைத்தியர்களின் முடிவு. டென்மன் வகுத்த விதிக்கு அது பிழையன்று. ஆனால் விதி மணிக்கூட்டை நோக்கிற்றேயன்றி, இரண்டு இரவுகள் உறங்காது, போதிய உணவின்றிச் சோர்ந்துகிடந்த அந்தப் பெண்ணின் உடம்பை நோக்கவில்லை.

புதன் நண்பகலளவில், உள்ளிருக்கும் பிள்ளைக்கு இடர் நேர்ந்துள்ளது என்பதைக் காட்டும் அடையாளம் தோன்றியது. கருவிலுள்ள குழந்தை மூச்சுக்குத் தவிக்கும்போது மலங்கழித்து, அது பனிநீரில் கலந்து வெளிப்படும். அதனைக் கண்ட பின்னும் காத்திருந்தனர். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கும் முறை அக்காலத்தில் தாய்க்குப் பெரும்பாலும் மரணத்தையே கொணர்ந்தது. மயக்கமருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. கிருமிகளைப் பற்றிய அறிவும் இல்லை. எனவே எஞ்சியிருந்த வழி ஆயுதம் ஒன்றே. அதனை எவரும் எடுக்கவில்லை.

புதன் இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை பிறந்தது. ஒன்பது இறாத்தல் நிறையுள்ள, அழகிய ஆண் குழந்தை. அதற்கு உயிர் இல்லை. வைத்தியர்கள் வெந்நீரில் இட்டும் உடலைத் தேய்த்தும் வாயில் ஊதியும் நெடுநேரம் முயன்றனர். அடுத்த அறையில் காத்திருந்த மந்திரிமார் தாம் எதிர்பார்த்த அழுகுரலைக் கேட்கவில்லை. செய்தியைக் கேட்ட சார்லொட் கதறவில்லை. இறைவன் சித்தம் என்று ஏற்றுக்கொண்டு, அழுதுநின்ற பணிப்பெண்களுக்குத் தானே ஆறுதல் கூறினாள். இரண்டு நாட் போராட்டத்தின் பயனை இழந்த தாய் பிறருக்கு ஆறுதல் கூறியது, அக்கூட்டத்தில் அவளே திடமுள்ளவள் என்பதைக் காட்டியது.

இதற்குள் மற்றோர் இடர் தோன்றியிருந்தது. கருப்பை நடுவிலே இறுகிப்போனமையால் நச்சுக்கொடி வெளிவரவில்லை. குரொப்ட் தம் கையாலேயே அதனை அகற்றவேண்டியதாயிற்று. குருதி கசிந்தது, எனினும் அஞ்சத்தக்கதன்று என்றே கருதினர். இளவரசி சிறிது உணவு உட்கொண்டு தேறியவள் போலத் தோன்றினாள். மந்திரிமார் துயரத்துடன் லண்டனுக்குத் திரும்பினர். சோர்ந்துபோன லியோபோல்ட் உறக்கமருந்து உட்கொண்டு படுக்கைக்குச் சென்றார்.

நள்ளிரவை அண்டிய வேளையில் நிலைமை மாறியது. காதில் இரைச்சல் கேட்பதாகச் சார்லொட் சொன்னாள். குமட்டல் எடுத்தது. உடல் குளிர்ந்தது, நாடி விரைந்தது, மூச்சுத் தடுமாறியது. சூடான ஒத்தடமும் மதுசாரமும் கொடுத்தனர். ஒதுங்கியிருந்த ஸ்டொக்மரையும் அழைத்துவந்தனர். அவள் அவரது செல்லப் பெயரைச் சொல்லிக் கூவினாள். அவர் கணவரை அழைத்துவரச் சென்ற வேளையில் எல்லாம் முடிந்துபோயிற்று. நவம்பர் 6 ஆந் திகதி வியாழக்கிழமை அதிகாலை இரண்டரை மணிக்கு அவள் உயிர் பிரிந்தது. ஐம்பது மணித்தியாலம் கையை விடாது பற்றியிருந்த கணவர் கடைசிக் கணத்தில் அருகில் இல்லை.

இங்கிலாந்து தன் சொந்த வீட்டில் சாவு விழுந்ததுபோலத் துக்கங் கொண்டாடியது. கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோயிற்று. ஏழைகளும் கறுப்புப் பட்டியொன்றைக் கையிற் கட்டிக்கொண்டனர். நவம்பர் 19 ஆந் திகதி விண்ட்சரிலுள்ள புனித ஜோர்ஜ் தேவாலயத்தில், தாயின் காலடியில் சேய் கிடத்தப்பட, இருவரும் அடக்கம் செய்யப்பட்டனர்.

அந்தப் பெருந்துக்கத்தின் நடுவே ஒரு குரல் வேறுவிதமாக ஒலித்தது. கவிஞர் ஷெல்லி இளவரசியின் மரணத்தைப் பற்றி மக்களை நோக்கி ஒரு சிறு பிரசுரம் எழுதினார். இளவரசியின் மரணம் துயரமானதே. ஆனால் ஏழைகளின் குடிசைகளில் பிள்ளைப்பேற்றில் மடியும் பெண்கள் எத்தனை பேர், அவர்களுக்காகக் கறுப்பு அணிபவர் யார் என்பது அவர் கேள்வியின் சாரம். இளவரசி இறந்த மறுநாள், நவம்பர் 7 ஆந் திகதி, டாபி நகரில் அரசுக்கெதிரான கிளர்ச்சிக் குற்றத்துக்காகத் தொழிலாளர் மூவர் கொல்லப்பட்டதையும் அவர் எடுத்துக்காட்டினார். நாட்டின் துக்கம் எல்லா உயிர்க்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதை அவர் உணர்த்தினார். சார்லொட்டின் கதை நினைவில் நிற்பதற்குக் காரணம் அவள் இளவரசி என்பதே. அவள் பட்ட பாட்டைப் பெயர் அறியப்படாத எண்ணற்ற பெண்கள் அந்த ஆண்டிலேயே பட்டிருப்பர்.

மக்களின் துயரம் விரைவில் சினமாக மாறியது. பழி குரொப்ட்மேல் விழுந்தது. அரசப் பிரதிநிதியும் லியோபோல்டும் அவரைக் குறைகூறவில்லை. தம் நம்பிக்கையைத் தெரிவித்தனர். ஆயினும் அவர் மனம் ஆறவில்லை. 1818 ஆம் ஆண்டு பெப்ரவரி 13 ஆந் திகதி, லண்டனில் வேறொரு பெண்ணின் நீண்ட பிரசவத்துக்குத் துணையாக அவ்வீட்டில் தங்கியிருந்தபோது, அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். தாய், சேய், வைத்தியர் என மூன்று உயிர்கள் இவ்வாறு போயின. 1951 ஆம் ஆண்டு சேர் ஆட்லி ஹொலன்ட் என்னும் பிரசவ வைத்திய அறிஞர் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து, முப்பெரும் பிரசவத் துயரம் என்றே அதனைக் குறிப்பிட்டார்.

குரொப்ட் கொடியவரல்லர், சோம்பேறியுமல்லர். தம் மாமனார் கற்பித்த விதியை வழுவாது பின்பற்றினார். பொறுமையற்ற வைத்தியரின் தவறுகளுக்கு மருந்தாகப் பிறந்த விதி அது. நோய் மாறிய இடத்திலும் அதே மருந்து கொடுக்கப்பட்டது. இளவரசியின் மரணத்துக்கு உடனடிக் காரணம் யாது என்பதில் பின்வந்த ஆராய்ச்சியாளர் கருத்து வேறுபட்டனர். உடலைப் பரிசோதித்தபோது கருப்பையினுள் உறைந்த குருதி காணப்பட்டது. ஆகவே, வெளியிற் கண்டதைவிட அதிகமாக உள்ளே பெருகிய குருதியே ஏற்கனவே நலிந்திருந்த உடலை வீழ்த்தியது என்பர் பலர். குருதிக்கட்டி நுரையீரலை அடைத்தது என்பர் வேறு சிலர். ஆனால், பேறு அவ்வளவு நேரம் நீண்டிருக்கலாகாது என்பதை இன்றைய வைத்தியர் எவரும் மறுக்கார்.

இனி, இம்மரணத்தின் அரசியல் விளைவை நோக்குவோம். ஒரே பேத்தியும் மறைந்தபின் மன்னரின் நடுவயதுப் புதல்வர்கள் அவசரமாக மணமகள் தேடினர். அவர்களுள் கென்ற் கோமகன் 1818 இல் லியோபோல்டின் சகோதரியாகிய விக்டோரியாவை மணந்தார். பிள்ளை இங்கிலாந்து மண்ணிலேயே பிறக்கவேண்டும் என்று, நிறைமாதக் கர்ப்பிணியாகிய மனைவியை ஜெர்மனியிலிருந்து வண்டியிலும் கப்பலிலும் அழைத்துவந்தார். அப்பயணத்தில் உடன்வந்தவர் சார்லொட் வொன் சீபோல்ட் என்னும் பெண்மணி. பிரசவ வைத்தியத்தில் கீசன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். அவர் பட்டம் பெற்ற ஆண்டும், இறந்த இளவரசியின் தலைப்பிள்ளைப் பேறு நிகழ்ந்த 1817 ஆம் ஆண்டே.

1819 ஆம் ஆண்டு மே 24 ஆந் திகதி கென்சிங்டன் மாளிகையில் அந்தப் பெண் வைத்தியரின் கைகளில் ஒரு பெண்குழந்தை நலமே பிறந்தது. அதுவே பின்னாளில் 1837 முதல் 1901 வரை ஆண்ட விக்டோரியா மகாராணி. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சீபோல்ட் ஜெர்மனிக்குத் திரும்பி, மற்றொரு குழந்தையின் பிறப்புக்கும் துணைநின்றார். அக்குழந்தை விக்டோரியாவின் வருங்காலக் கணவராகிய அல்பேட். கிளேர்மொன்றில் அந்த இரவு வேறுவிதமாக முடிந்திருக்குமாயின் விக்டோரியா பிறந்தேயிருக்கமாட்டாள். இலங்கையின் பாடநூல்களும் நாணயங்களும் வேறோர் அரசியின் பெயரையே தாங்கியிருக்கும்.

விக்டோரியா ஒன்பது பிள்ளைகளைப் பெற்றாள். எட்டாவது பேற்றின்போது, 1853 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆந் திகதி, ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் குளோரபோம் கொடுத்து அவளுடைய நோவைத் தணித்தார். பிரசவ நோவைத் தணிப்பது தகுமா என்று சிலர் ஐயுற்றுக்கொண்டிருந்த காலம் அது. மகாராணியே அதனை ஏற்றபின் ஐயம் பெரிதும் அடங்கிற்று. அன்று பிறந்த ஆண்குழந்தைக்குத் தன் மாமனின் பெயரையே மகாராணி இட்டாள். அந்த மாமன்தான், 1831 முதல் பெல்ஜியத்தின் அரசராயிருந்த லியோபோல்ட். அவர் மறுமணம் செய்து தமக்குப் பிறந்த மகளுக்குச் சார்லொட் என்று பெயரிட்டிருந்தார். கிளேர்மொன்றில் நோவோடு போராடியவளின் நினைவு அக்குடும்பத்தின் பெயர்களிலே வாழ்ந்தது.

தாய்மாரைக் காக்கும் அறிவு ஒருநாளில் வந்ததன்று. பேற்றின்பின் குருதி பெருகி இறந்த ஒருத்தியைக் கண்டு வருந்திய ஜேம்ஸ் பிளண்டல் என்னும் லண்டன் வைத்தியர், 1818 இல் மனிதக் குருதியை இன்னொரு மனிதருக்கு ஏற்றும் முயற்சியில் இறங்கினார். 1847 ஆம் ஆண்டு எடின்பரோவில் சிம்சன் குளோரபோமைப் பயன்படுத்தினார். அதே ஆண்டில் வியன்னாவில் செமல்வைஸ், வைத்தியர் தம் கைகளைத் தூய்மைசெய்தால் பிரசவக் காய்ச்சல் குறையும் என்பதைக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டில் குருதிப் பெருக்கை நிறுத்தும் மருந்துகளும் கிருமிகளைக் கொல்லும் மருந்துகளும் வந்தன. சார்லொட்டைக் காத்திருக்கக்கூடியவை ஒவ்வொன்றாக, அவளுக்குப் பின்னர் வந்தன.

அந்த 1847 ஆம் ஆண்டிலேயே சமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். மானிப்பாயில் வைத்தியம் புரிந்து, தமிழிலேயே வைத்தியம் கற்பித்த அப்பெரியார், மோன்செல் என்பவர் ஆங்கிலத்தில் எழுதிய பிரசவ வைத்திய நூலை 1857 இல் தமிழில் வெளியிட்டார். மேல்நாட்டார் தம் தவறுகளாலும் துயரங்களாலும் தேடிய அறிவு தமிழ் மாணவன் தன் தாய்மொழியில் படிக்கத்தக்கதாயிற்று. 1879 இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ வைத்தியசாலை திறக்கப்பட்டது. பின்னர் அரசாங்கம் பயிற்சி அளித்த மருத்துவிச்சிமார் ஊர்தோறும் நியமிக்கப்பட்டனர். அவர்கள் கர்ப்பிணிகளின் வீடு தேடிச் சென்றனர். இடர் நேரக்கூடியவர்களை முன்கூட்டியே இனங்கண்டு வைத்தியசாலைக்கு அனுப்பினர்.

அதன் பயனை எண்களிற் காணலாம். 1930 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஓர் இலட்சம் குழந்தைகள் பிறக்கும்போது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் அத்தொகை நூற்றுக்குக் கீழே இறங்கியது. செல்வத்திற் சிறந்த நாடுகளும் வியந்து நோக்கிய சாதனை இது. இதனைச் சாதித்தவர்கள் புகழ்பெற்ற வைத்தியர் மட்டுமல்லர். மழையிலும் வெயிலிலும் ஒழுங்கைகளில் நடந்துசென்று, வாசலில் நின்று பெண்ணின் பெயரைச் சொல்லி அழைத்து, கால் வீங்கியிருக்கின்றதா, தலை சுற்றுகின்றதா என்று வினாவிய மருத்துவிச்சிகளே இதில் முன்னிற்பவர்கள்.

கிளேர்மொன்ற் மாளிகையில் அன்று இல்லாதிருந்தது இந்த வினாவே. அங்கே பேரும் பட்டமும் உடைய வைத்தியர் இருந்தனர், மந்திரிமார் இருந்தனர், தக்க கருவியும் இருந்தது. விதி என்ன சொல்கின்றது என்று பார்த்தார்கள். எதிரே கிடக்கும் பெண்ணின் உடம்பு என்ன சொல்கின்றது என்று கேட்டிருந்தால், அவள் தன் பிள்ளையை மடியில் ஏந்தியிருக்கக்கூடும். காத்திருக்கவும் வேண்டும், காலத்தில் கைகொடுக்கவும் வேண்டும். எது எப்போது என்பதை நோவுபடுபவளின் முகத்தைப் பார்த்தே அறியவேண்டும். இருபத்தொரு வயதில் தலைப்பிள்ளையுடன் மாண்ட சார்லொட் விட்டுச்சென்ற பாடம் இதுவே. இன்று தலைப்பிள்ளையுடன் நலமே வீடு திரும்பும் ஒவ்வொரு தாயும் அந்தப் பாடத்தின் பயனை அறிந்தோ அறியாமலோ துய்க்கின்றாள்.